சனிக்கிழமைக் குஞ்சு

சத்தம் தொந்தரவா இருக்குங்களா சார்? கோழிக்குஞ்சுதாங்க. ஒண்ணே ஒண்ணுதான், ஆனா பத்துக் குஞ்சு சத்தம் போடுது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒருத்தர் கூடையில வச்சு வித்துக்கிட்டிருந்தாரு. பச்சை, ரோஸு, ஊதான்னு சாயம் முக்கி வச்சிருக்காரு. எனக்குக் கறுப்பா ஒண்ணு வேணும், சாயம் போட்ட கறுப்பு இல்ல, பொறந்த கறுப்புன்னு சொன்னேன். அந்தாளு ஒரு மாதிரி பாத்துட்டு, அடியில கைய விட்டுத் துழாவி இதை எடுத்து, இந்த அட்டைப் பொட்டியில போட்டுக் குடுத்தாரு. கண்டக்டர்கூடக் கேட்டாரு, இதுக்கு டிக்கெட் எடுத்தாச்சான்னு. மடியில உக்காந்து வர்ற புள்ளைக்கு ஏதுங்க டிக்கெட்டுன்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

நீங்க துறையூர் வரைக்குமா? நாங்க புலிவலத்துல எறங்கி உள்ள போகணும். நாங்கன்னா நானும் எங்க வீட்டுலயும். அந்தா பாருங்க, லேடீஸ் சீட்டுல மூணாவது வரிசை, ஜன்னலோரம், மஞ்சப் பூப் போட்ட சேலை. அதாங்க. இளஞ்சியம்னு பேரு. குஞ்சு அவளுக்குத்தான் வாங்கினேன். பஸ்ஸுல ஏத்தி உக்கார வச்சுட்டு, தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு எறங்கிப் போய் வாங்கினேன். வீட்டுக்குப் போய்க் கையில குடுக்கலாம்னு இருக்கேன். இம்புட்டுச் சத்தம் போடுதே, திரும்பிப் பாத்தாளா பாருங்க. பாக்க மாட்டா. மூணு மாசமாவே அப்படித்தான். நாம பேசுறதும் காதுல விழும். ஆனா விழுந்து என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டா.

ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றோம். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. ரத்தம் பாத்தாச்சு, ஸ்கேன் பாத்தாச்சு, தைராய்டு பாத்தாச்சு, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்புறம்தான் மனசு டாக்டர்கிட்டப் போங்கன்னாங்க. மனசுக்கு என்னங்க வந்துச்சு இவளுக்கு? நான் குடிக்கிறவன் இல்ல. கை நீட்டுனவன் இல்ல. பொண்ணு நாமக்கல்லுல நர்சிங் படிக்குது, நல்லாப் படிக்குது. மாமியார் கொடுமை இல்ல, மாமியாரே இல்ல. இதுல எங்கருந்துங்க மனசுல வியாதி வரும்? நீங்களே சொல்லுங்க.

என் தொழில் சாமியானாங்க. பந்தல், சேர், ஐஸ் பொட்டி, தண்ணி டிரம்மு, லைட்டு, எல்லாம் நம்மகிட்ட உண்டு. இளஞ்சியம் சாமியானா சர்வீஸ். ஆமாங்க, அவ பேருதான். எங்க பக்கம் நீங்க எந்த வீட்டு விசேசத்துக்குப் போனாலும் சேரோட முதுகுல செவப்பு பெயிண்டுல இளஞ்சியம்னு எழுதியிருக்கும். கல்யாணத்துக்கும் போவும், காதுகுத்துக்கும் போவும். ஆனா நமக்குச் சோறு போடுறது சாவுதான். கல்யாணத்துக்கு இப்பல்லாம் மண்டபம் இருக்கு. சாவுக்கு மண்டபம் ஏது?

அதனால சொல்றேன், அழுகைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். சும்மா பேச்சுக்குச் சொல்லல. பந்தக்கால் நட்டுக்கிட்டு வெளிய நிப்பேன், உள்ளருந்து அழுகை வரும். சத்தத்தை வச்சே சொல்லிருவேன், இது பொண்டாட்டி, இது மருமவ, இது பங்காளி வீட்டுப் பொம்பளை, கடைசி பஸ்ஸப் புடிக்கணுமேன்னு அழுவுறது. பெத்தவளுக்கு மக அழுவுறா பாருங்க, அது தனி. அது தொண்டையில இருந்து வராது. வயித்துல இருந்து வரும். அதுல வார்த்தை இருக்காது. அந்த அழுகை கேட்டா நான் வேலைய நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் தள்ளிப் போய் நின்னுக்குவேன்.

இளஞ்சியம் அழ மாட்டாங்க. அது எனக்குப் பெருமை. அவங்கப்பா ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தவறுனாரு. மத்தவங்கல்லாம் உருண்டு பொரளுறாங்க, இவ அடுப்படியில நின்னு வர்றவங்களுக்கெல்லாம் காப்பி ஆத்திக்கிட்டிருந்தா. எங்க பக்கத்து ஆளுங்க எங்கிட்ட வந்து, உங்க வீட்டுல பயங்கர தைரியம்ப்பான்னு சொல்லிட்டுப் போனாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஒரே ஒரு தடவைதான் அழுதிருக்கா, அவ வாழ்க்கையில. அது ஒரு கோழிக்கு. சொல்றேன் கேளுங்க, சிரிச்சுருவீங்க.

இவளுக்கு எட்டு வயசு இருக்கும்போது அவங்கம்மா மஞ்சக் காமாலையில போயிட்டாங்க. படுத்த படுக்கையா இருந்தாங்களாம். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வீட்டுல ஒரு கோழி அடை வச்சிருக்காங்க. எல்லாம் பொரிச்சுருச்சு, ஒரு முட்டை மட்டும் பொரிக்கல. கோழி எழுந்திரிச்சுப் போயிருச்சு. இந்தம்மா படுத்திருந்தவங்க, அந்த முட்டைய எடுத்துட்டு வரச் சொல்லி, காதுல வச்சுப் பாத்து, உள்ள உசுரு இருக்குடின்னு சொல்லி, நகத்தாலேயே ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கிள்ளி எடுத்தாங்களாம். உள்ளருந்து ஒரு கறுப்புக் குஞ்சு. அதைத் துணியில சுத்தி இவ கையில குடுத்து, இது உன்னுது, நீதான் பாத்துக்கணும்னு சொல்லியிருக்காங்க. இவ அதை எங்க போனாலும் பாவாடையில முடிஞ்சு தூக்கிக்கிட்டே திரிஞ்சிருக்கா.

அந்தம்மா போனது ஒரு சனிக்கிழமைங்க. சனிக்கிழமை சாவுன்னா உங்களுக்குத் தெரியுமே. தெரியாதா? எந்த ஊருங்க நீங்க? சனிக்கிழமை போற உசுரு துணைக்கு ஒரு ஆளைத் தேடும்பாங்க. அதுக்காகப் பாடையில ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிடுவாங்க. அதோட கணக்குச் சரியாயிரும், வீட்டுல வேற யாருக்கும் ஒண்ணும் வராது. எல்லாப் பக்கமும் இருக்குற பழக்கம்தான். அன்னைக்குப் பாடை கட்டி முடிச்சுட்டு, குஞ்சு எங்கடான்னு தேடியிருக்காங்க. கோழி மத்த குஞ்சையெல்லாம் கூட்டிக்கிட்டு மேயப் போயிருச்சு. வாசல்ல இந்தப் புள்ள பாவாடையில குஞ்ச வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இவளோட தாய்மாமன், தங்கராசுன்னு பேரு, அவரு வந்து படக்குன்னு அதைப் புடுங்கிக் கொண்டுபோய்க் கட்டிட்டாரு.

அவ்வளவுதாங்க. அதுவரைக்கும் கம்முனு உக்காந்திருந்த புள்ள, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத புள்ள, எழுந்திரிச்சு ஓடுது பாடைக்குப் பின்னாடி. என் குஞ்சக் குடுங்க, அது எங்கம்மா குடுத்ததுன்னு கத்திக்கிட்டே ஓடுது. பொம்பளைங்க வரக்கூடாதுன்னு தெரு முக்குல எல்லாரும் நின்னுட்டாங்க, இது நிக்கல. தங்கராசு மாமன் திரும்பி வந்து கன்னத்துல ஒண்ணு வச்சாராம். பெத்தவ போறா, அதுக்கு அழல, கோழிக்கு அழுவுறியாடின்னு. அதைக் கேட்டு, சாவுன்னும் பாக்காம, தெருவே சிரிச்சிருச்சாம். அழுது வீங்குன மூஞ்சியோட அத்தனை பேரும் சிரிச்சாங்களாம். அப்புறம் மாமனே மனசு கேக்காம, அழுவாத, அடுத்த சந்தையில வேற குஞ்சு வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

ஏன் சார், சிரிக்க மாட்டேங்கிறீங்க? எல்லாரும் இந்த எடத்துல சிரிப்பாங்களே.

எங்க கல்யாணப் பந்தியில தங்கராசு மாமன் எழுந்து நின்னு இந்தக் கதையச் சொன்னாரு. மாப்ளே, ஜாக்கிரதை, நீ செத்தாலும் இவ அழ மாட்டா, வீட்டுல கோழி மட்டும் வாங்கி வச்சுக்கன்னாரு. எலையில சோத்த வச்சுக்கிட்டு எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்குப் பொரையேறிருச்சு. அவளும் சிரிச்சா, நான் பாத்தேன். அன்னையிலருந்து நானும் அவளைக் கோழிக்காரின்னுதான் கூப்பிடுறது. கோவம் வரும்போது இல்லைங்க, ஆசையாத்தான். என்ன கோழிக்காரி, காப்பி கெடைக்குமா, அப்படி. அவ ஒரு நாளும் கூப்பிடாதீங்கன்னு சொன்னதில்ல.

கல்யாணமான புதுசுல ஒரு தடவை கேட்டா. சோறு போட்டுக்கிட்டே கேக்குறா, அந்தக் குஞ்சை அங்க கொண்டு போய் அப்புறம் என்ன பண்ணுவாங்கன்னு. அப்ப நான் தொழிலுக்கு வந்த புதுசு. பொதைக்கிறவங்களும் உண்டு, அப்படியே விட்டுட்டு வர்றவங்களும் உண்டு. அதைச் சொல்லியிருக்கலாம். நான் வெளையாட்டா, கொழம்பு வச்சுருவாங்கன்னேன். அவ சரின்னு சொல்லிட்டு ரசத்தை ஊத்துனா. அதுலருந்து கோழிக்கறி திங்கிறத விட்டுட்டா. ஏதோ சாமிக்கு வேண்டிக்கிட்டான்னு நெனைக்கிறேன், நானும் கேட்டதில்ல.

தொழில் நல்லாப் புடிச்சு வந்தப்ப ஒரு யோசனை பண்ணேன். சனிக்கிழமையானா குஞ்சுக்கு அலையுறாங்க. எல்லாச் சாமானும் நம்மகிட்ட வாங்குறவங்களுக்கு அதையும் நாமளே குடுத்துட்டா என்ன? கொல்லையில ஒரு கூடு போட்டு, நாலு கோழி வாங்கி விட்டேன். இளஞ்சியம்தான் பாத்துக்கிட்டா. நல்ல கைராசிங்க அவளுக்கு. அடை வச்சா ஒரு முட்டை கூழாகாது. பொரிக்காத முட்டைய எடுத்துக் காதுல வச்சுப் பாப்பா. நான் சனிக்கிழமை போய்க் கூட்டைத் தொறந்து ஒரு குஞ்ச எடுப்பேன், இவ உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டுத் தண்ணி மோட்டாரப் போட்டு விட்டுருவா, அந்த எரைச்சல்ல வேற சத்தமே கேக்காது. சாவுச் சாமானைக் கண்ணுல பாக்கக்கூடாதுன்னு ஒதுங்குறான்னு நெனச்சேன். சுத்தம் பாக்குற பொம்பளைங்க அப்படித்தானே.

இப்படியே இத்தனை வருசம் ஓடுச்சு. ஒரு கொறையும் இல்ல.

போன ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை. எங்க மேலத்தெருவுல கொத்தனார் ஒருத்தரோட சம்சாரம் போயிருச்சு. சின்ன வயசு. டெங்குன்னாங்க. விடியக்காலையில சேதி வந்துச்சு, நானே போய்ப் பந்தல் போட்டு, சேரெல்லாம் எறக்கிட்டு, குஞ்சு எடுக்க வீட்டுக்கு வந்தேன். வந்தவன் சும்மா இருக்காம, இளஞ்சியம், பாவம், எட்டு வயசுல ஒரு பொம்பளைப் புள்ள இருக்குது, நம்ம சேர்ல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டிருக்குது, கால் தரையில எட்டலன்னு சொன்னேன். அன்னைக்கு அவ உள்ள போகல. கூட்டுக்குப் பக்கத்துலயே நின்னா. நான் குஞ்சக் கையில எடுத்ததும் சொல்றா,

"அந்தப் புள்ளகிட்டக் கேட்டுட்டுக் கட்டுங்க."

எனக்கு ஒண்ணும் புரியல. குஞ்சு நம்முளுது, அந்தப் புள்ளகிட்ட எதுக்குக் கேக்கணும்னேன். அவ திரும்பவும் அதையேதான் சொல்றா, கேட்டுட்டுக் கட்டுங்க, அதுகிட்ட யாராவது சொல்லுங்க, அவங்கம்மா எங்க போறாங்கன்னு சொல்லுங்கன்னு. சின்னப் புள்ளகிட்டப் போய் என்னத்தங்க சொல்றது? புள்ளைங்க மறந்துரும், நாமதான் ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். அங்க பாடை எடுக்க நேரமாயிருச்சு, நாலு பக்கமும் கூப்புடுறாங்க. அந்த அவசரத்துல நான் எங்க போய் யாருகிட்டக் கேக்குறது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கொல்லையில கூடு தொறந்து கெடக்கு. ஒரு கோழி இல்ல, ஒரு குஞ்சு இல்ல. எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டா. நாய் கவ்வுனது பாதி, ஊரான் வீட்டுக்குப் போனது பாதி. இவ உள்ள பாயில படுத்திருந்தா. நானும் அசதியில தூங்குறான்னு விட்டுட்டேன். மறுநாள் எந்திரிக்கல. அதுக்கு மறுநாளும் எந்திரிக்கல. எந்திரிக்கலைன்னா, கூப்புட்டா எந்திரிச்சு உக்காருவா. சாப்புடுன்னா ரெண்டு வாய் வைப்பா. குளின்னா குளிப்பா. சொல்லலைன்னா ஒண்ணும் இல்ல. சுவத்தைப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்தா அப்படியே கெடப்பா. என்னடி பண்ணுதுன்னு கேட்டா, ஒண்ணும் இல்லைங்கிறா. எங்கடி வலிக்குதுன்னா, எங்கயும் இல்லைங்கிறா. அப்புறம் அந்த ஒண்ணும் இல்லையும் நின்னுபோச்சு.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. சமயபுரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். குணசீலம் பெருமாள் கோயில்ல கொண்டுபோய்த் தங்க வச்சேன். மந்திரிச்சேன், கயிறு கட்டுனேன். சமையல் நான்தான் பண்றேன், ரசம் வைக்கக் கத்துக்கிட்டேன். தலை வாரி விடுறேன். எனக்குப் பின்னத் தெரியாதுங்க, வாரி ரப்பர் பேண்டு போட்டு விட்டுருவேன். அதைப் பாத்துப் பொண்ணு அழுதுச்சு லீவுக்கு வந்தப்ப. பேசிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன். அவளுக்குச் சிரிப்பு வரட்டும்னு அந்தக் கோழிக் கதையவே திரும்பச் சொல்லிப் பாத்தேன். தங்கராசு மாமன் பேசுற மாதிரியே பேசிக் காமிச்சேன். சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போறேன், பாயில ஆளைக் காணோம். கொல்லையில கெணத்து மேட்டுல உக்காந்திருக்கா. காலை உள்பக்கமாப் போட்டுக்கிட்டு. கூப்புட்டாப் பயந்துருவாளோன்னு பின்னாடியே போய் இடுப்போட சேத்துப் புடிச்சுட்டேன். என்னடி பண்றன்னு கேட்டா, சும்மா உக்காந்திருக்கேங்கிறா. அதுதாங்க அவ கடைசியாப் பேசுனது. நான் மறுநாளே கெணத்துக்குக் கம்பி வலை போட்டுட்டேன். வேற என்னங்க பண்றது? நான் எத்தனை எடத்துக்கு வலை போட முடியும்? வேலைக்குப் போனாப் பாதியில விட்டுட்டு வீட்டுக்கு ஓடி வர்றேன். செல்லு அடிச்சாலே நம்ம வீட்டுச் சேதியா இருக்குமோன்னு தோணுது. ஊருக்கெல்லாம் பந்தல் போடுறவன், என் வீட்டு வாசல்ல போட்டுருவேனோன்னு பயமா இருக்குங்க. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க வழியில பாத்த ஆளு, அதனால சொல்றேன்.

இன்னைக்கு டாக்டரம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? சின்ன வயசுல ஏதாவது பெரிய இழப்பு இருந்துச்சான்னு இளஞ்சியத்தைப் பாத்துக் கேட்டாங்க. இவதான் வாயத் தொறக்க மாட்டாளே, நான் சொன்னேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம், அம்மா சின்ன வயசுலயே தவறிட்டாங்க, ஆனா அதுல இவளுக்கு ஒரு பாதிப்பும் இல்லைன்னேன். அம்மாவுக்காக அவங்க அழவே இல்லையான்னு கேட்டாங்க. ஒரு சொட்டு இல்லைங்கன்னு சொல்லிட்டு, கோழிக் கதையச் சொன்னேன். அந்தம்மாவும் உங்கள மாதிரியேதான், சிரிக்கல. பேனாவக் கீழ வச்சுட்டு, கொஞ்சம் வெளிய உக்காருங்கன்னாங்க. புருசன நான், என்னைய வெளிய உக்கார வச்சுட்டு உள்ள என்னங்க பேச்சு? ரொம்ப நேரம் கழிச்சுக் கூப்புட்டாங்க. ரெண்டு பேரும் பேசாமத்தான் உக்காந்திருக்காங்க. மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. தனியா விடாதீங்க, அடிக்கடி கூட்டிட்டு வாங்கன்னாங்க. கெளம்பும்போது எங்கிட்ட மட்டும், இனிமே அவங்ககிட்ட யாராவது ஏதாவது கேட்டா நீங்க பதில் சொல்லாதீங்கன்னாங்க. நான் சொல்லலைன்னா வேற யாருங்க சொல்லுவா? அவளுக்குப் புடிச்சது எதையாவது செஞ்சு குடுங்கன்னும் சொன்னாங்க.

அவளுக்கு என்ன புடிக்கும்? ஆட்டோவுல வரும்போது பூரா யோசிச்சேன். இத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், சட்டுனு சொல்லத் தெரியல. சேலை புடிக்கும், அதைக் கட்டிக்கிட்டு எங்க போறா? கடைசியிலதான் பளிச்சுன்னு தோணுச்சு. கோழி. அடடா, கூட்டைத் தொறந்துவிட்ட நாள்லருந்துதானே இப்படி ஆயிட்டா. கோழியெல்லாம் போன ஏக்கம்தான் இது. தங்கராசு மாமன் வாங்கித் தர்றேன்னு சொன்ன குஞ்சைக் கடைசி வரைக்கும் வாங்கித் தரவே இல்ல, தெரியுமா? சந்தைக்குப் போனாரு, வந்தாரு, மறந்துட்டாரு. அந்தக் கடனை நானாச்சும் தீத்துருவோமேன்னுதான் கறுப்பாத் தேடி வாங்கினேன்.

இருங்க, செல்லு அடிக்குது. ஒரு நிமிசம்.

ஆங், சொல்லுங்க மாமா. கலியபெருமாள்தான் பேசுறேன். பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன், மண்ணச்சநல்லூர் தாண்டியாச்சு. எப்ப? அடடா. நல்ல வயசுதான், கல்யாணச் சாவு. சேர் எத்தனை? சரி. ஐஸ் பொட்டி வேணாமா? சாயங்காலமே எடுத்துருறீங்களா? சரி, சரி. ஆமா, இன்னைக்குச் சனிக்கிழமைல்ல. குஞ்சா? நம்மகிட்ட இப்பக் கோழியெல்லாம் இல்லையே மாமா, எல்லாம் போயிருச்சு. கெடைக்கலையா? ஆங், இருங்க. இருக்கு மாமா, ஒண்ணு கையிலயே இருக்கு. ஒண்ணும் அலைய வேணாம். கொண்டாந்துடுறேன். லைன்லயே இருங்க, டிரைவர் நம்பர் சொல்றேன், வண்டிக்குச் சொல்லிருங்க.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? அவசரத்துக்குக் கேக்குறாங்க, சாவு வீடு, இல்லைங்க முடியுமா? இவளுக்குத்தான் இன்னும் குடுக்கவே இல்லையே. குடுத்திருந்தாத்தானே ஏமாத்தம். அடுத்த தடவை டாக்டர்கிட்ட வரும்போது வேற குஞ்சு வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு.

சார்.

சார், இளஞ்சியம் எந்திரிச்சுட்டா. யாரும் சொல்லல, தானா எந்திரிக்கிறா. எறங்குற எடம் இன்னும் வரலையே. கம்பியப் புடிச்சுக்கிட்டு இங்கதான் வர்றா. உக்காரு இளஞ்சியம், பஸ்ஸு ஆடுது, விழுந்துருவ. என்ன வேணும்? தண்ணியா? இந்தா... பொட்டி எதுக்கு? பொட்டிய ஏன் புடுங்குற? விடு, கொட்டிரும். சரி, சரி, எடுத்துக்க. உனக்கு வாங்குனதுதான். கொஞ்சம் தள்ளிக்கங்க சார், இப்படி ஓரத்துல உக்காரட்டும்.

தொறந்து கையில எடுத்துட்டா பாருங்க. காதுகிட்ட வச்சுப் பாக்குறா.

என்ன சொன்ன? கேக்கல, திரும்பச் சொல்லு. சார், உங்களுக்குக் கேட்டுச்சா? "எங்கம்மா குடுத்தது"ங்கிறா. இல்ல இளஞ்சியம், நான் வாங்கினேன், இப்பத்தான், சத்திரம் பஸ் ஸ்டாண்டுல. டாக்டரம்மா சொன்னாங்கன்னு... சரி, சரி. உங்கம்மா குடுத்ததுதான். உங்கம்மாதான் குடுத்தாங்க.

அய்யோ, அழுவுறா. இளஞ்சியம். ஏய், இளஞ்சியம். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. ஒண்ணும் இல்லைங்க, அம்மா, ஒண்ணும் இல்ல, ஒடம்பு சரியில்லாதவ. கண்டக்டர், பஸ்ஸ நிறுத்த வேணாம். இல்ல, நிறுத்துங்க. எனக்குத் தெரியலையே.

சார், இந்த அழுகை எனக்குத் தெரியும். நான் சொன்னேன் பாத்தீங்களா, பந்தக்காலைப் புடிச்சுக்கிட்டு வெளிய நின்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன். வயித்துல இருந்து வருது பாருங்க, ஒரு வார்த்தை இல்லாம. இது கோழிக்கு அழுவுறது இல்லைங்க. பெத்தவ செத்ததுக்கு மக அழுவுறது. எனக்குத் தப்பாது. ஆனா இப்ப யாருங்க செத்துட்டா? குஞ்சுகூட அவ மடியிலதான் இருக்கு, யாரும் புடுங்கலையே.

போன்ல இன்னும் ஹலோ ஹலோங்கிறாங்க. குஞ்சு வருமா வராதான்னு கேக்குறாங்க. இவகிட்டத்தான் கேக்கணும். இப்படி அழுவுறவகிட்ட நான் எப்படிங்க கேக்குறது?